கிகேட் 9-க்கு மாற முதல்

கிளிநொச்சியில் மின்சுற்றுப் போர்ட் வடிவமைக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு. போர்ட் வரையும் மென்பொருளான கிகேட்டின் (KiCad) 9-ஆம் பதிப்பு வெளிவந்தது 2025 பெப்ரவரியில். மாறுங்கள், நல்லது. ஆனால் முதலில் பழைய கோப்புறையை அப்படியே பென்டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். 9-இல் ஒருக்கால் சேமித்த கோப்பு 8-இல் திறக்காது.

புதிதாக வந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஜாப்செட். போர்ட் செய்யும் தொழிற்சாலைக்கான கெர்பர் எனும் படக்கோப்பு, துளைக்கோப்பு, பாகப் பட்டியல் மூன்றையும் ஒரே சொடுக்கில் தருகிறது.

சரி, முக்கியமான விசயம். வயல் கிணற்று மோட்டாருக்கு நான் செய்த போர்ட்டில் ரிலே எனும் மின்சுவிட்சின் கால்கள் துளைக்குள் இறங்கவில்லை. ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. பத்துப் போர்ட்டும் வீண். மூன்று கிழமை காத்திருந்து பொதியைப் பிரித்தவனுக்கு அழுகையே வந்தது. அன்றிலிருந்து ஓடர் கொடுக்க முதல் ஏ4 தாளில் 1:1 அளவில் அச்செடுத்து, ரெஜிபோம் துண்டில் ஒட்டி, ஒவ்வொரு பாகத்தின் காலையும் குத்திப் பார்க்கிறேன். அச்செடுத்ததும் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள், பிரிண்டர் சுருக்கிவிடும்.

230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் இடையில் நான் 6 மில்லிமீட்டருக்குக் குறைய விடுவதில்லை. அதைத் தனி விதியாக எழுதிவிட்டால் கிகேட்டின் விதிச் சோதனையான டிஆர்சி பிழையைப் பிடித்துத்தரும். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடப்போவது எங்கள் அப்பாமார்தான். விதிக்கோப்பு வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.