நான் இறுக்கவில்லை, முக்கிக்கொண்டிருந்தேன்

இரண்டாவது பிள்ளை பிறந்து ஒன்பது வருஷம். அன்றிலிருந்து தும்மினால், இருமினால், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தால் மூத்திரம் கசிந்து சேலை நனையும். முக்கூடலில் இருந்து ஜங்ஷனுக்குப் பஸ் ஏறணும் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். மைனியிடம் சொன்னதற்கு, "ரெண்டு பெத்தவளுக்கு இதெல்லாம் உள்ளதுதான்ட்டி" என்று முடித்துவிட்டாங்க.

பாளையங்கோட்டையில் ஒரு லேடி டாக்டர் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தபோது எரிச்சல்தான் வந்தது. முட்டுவலிக்காரங்க போகிற இடம்தானே அது? போதாததற்கு, மொபைலில் பார்த்து, மூத்திரத்தை அடக்குகிற அடி இடுப்புத் தசையை இறுக்கி விடுகிற கெகல் பயிற்சியை ஒரு வருஷம் செய்தும் ஒன்றும் ஆகவில்லை.

பிசியோ ஒரு சின்னப் பெண். மூன்று நாளைக்கு என்ன குடித்தேன், எப்போது போனேன், எப்போது கசிந்தது என்று எழுதி வரச் சொன்னாள். எழுதிப் பார்த்தால், பீடித்தட்டோடு உட்கார்ந்தபடியே நாளைக்கு ஆறு டீ! அடுத்த தடவை, என்னிடம் சம்மதம் கேட்டு, கையுறை போட்டு உள்ளே ஒரு விரல் வைத்து "இறுக்குங்க" என்றாள். இறுக்கினேன். "அக்கா, நீங்க இறுக்கல, முக்குறீங்க." ஒரு வருஷமாக மூச்சைப் பிடித்துக் கீழே தள்ளிக்கொண்டு இருந்திருக்கிறேன். காற்றுப் பிரியாமல் அடக்குகிற மாதிரி மேலே இழுக்கணுமாம், தொடையும் பிட்டமும் சும்மா இருக்கணும், மூச்சு ஓடணும். ஐந்து நொடி பிடித்து, முழுசாக விட்டு, பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. அந்த விடுவதுதான் எனக்கு வரவே இல்லை. சிலருக்குத் தசை எப்போதும் இறுகியே கிடக்குமாம், அவங்க இதைச் செய்தால் வலிதான் கூடும் என்றாள். ஒண்ணுக்குப் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதையும் விடச் சொன்னாள்.

வெளி பெஞ்சில் மஞ்சப்பையோடு ஒரு பெரியவர், புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்தவர். "எனக்கும் இதே பயிற்சிதாம்மா" என்றார். ஆம்பளைக்கும் இந்தத் தசை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரியும்.

மூன்று மாசம் ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். ஆறு வாரம் பஸ் காசுதான் போச்சு. அப்புறம் ஒரு நாள் மிளகாய் வத்தல் வறுத்த நெடியில் தும்மல் வந்தது, வருகிற நொடியில் அவள் சொன்ன மாதிரி முன்கூட்டியே இறுக்கினேன். சேலை காய்ந்தே இருந்தது. "என்னட்டி சிரிக்க?" என்றாங்க மைனி.

நிறைகுடம் தூக்கினால் இன்னும் லேசாகக் கசியும். இப்போது முக்கால் குடம்தான்.