பிரிஸ்டல் பதிவேடும் நானும்

எம்.ஏ. ஆய்வுக்காக பிரிஸ்டல் பதிவேட்டைக் கையில் எடுத்தபோது, இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரம் இழுத்தது.

1654-இல் தொடங்கும் பதிவேடு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகத்தில் கப்பலேறிக் கடல் தாண்டி ஒப்பந்த வேலைக்குப் போன சுமார் பத்தாயிரம் பேர் இதில் இருக்கிறார்கள். ஆரம்ப வருடங்களில் போனது பெரும்பாலும் கரீபியன் தீவான பார்படோஸுக்குத்தான். சிறுவர்களையும் ஏமாந்தவர்களையும் ஆள்பிடிப்பவர்கள் கடத்திக் கப்பலேற்றுகிறார்கள் என்று புகார் கிளம்பியதால்தான் நகர மன்றம் இப்படி எழுதி வைக்கச் சொன்னது.

முதல் நாள் ஒரு பக்கம்கூடத் தேறவில்லை. அந்தக் காலக் கையெழுத்தில் 'சி' நம் கண்ணுக்கு 'ஆர்' மாதிரி தெரிகிறது, 'ஹெச்' கோட்டுக்குக் கீழே வால் விட்டுக்கொண்டு போகிறது. அப்புறம் ஒரு வழி தோன்றியது: 'பார்படோஸ்' என்ற சொல் எப்படியும் திரும்பத் திரும்ப வரும், அதை மட்டும் தேடிப் பிடித்து அதன் எழுத்துகளைத் தனித்தாளில் வரைந்து வைத்தேன். அந்தத் தாளை வைத்துத்தான் மற்றதை எல்லாம் படித்தேன்.

அடுத்த அடி தேதியில். செப்டம்பர் 1654-இல் தொடங்கிய பதிவேட்டில் ஜனவரி 1654 எப்படி வரும் என்று குழம்பி, எழுதியவர் தவறிவிட்டார் என்றே குறித்து வைத்தேன். தவறியது நான்தான். அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல், ஆகவே அது நம் கணக்கில் ஜனவரி 1655. குறிப்புகளை எல்லாம் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு பதிவும் நாலைந்து வரிதான். பெயர், ஊர், தொழில், யாரிடம், எத்தனை வருடம். பலருக்கு நான்கு வருடம், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல். கூலி கிடையாது; கிடைத்ததெல்லாம் கப்பல் செலவு, சாப்பாடு, துணி, தவணை முடிந்தால் கொஞ்சம் பணமோ சர்க்கரையோ. 1640-களில் கரும்பு வந்த பிறகு, விடுதலையானவனுக்கு அந்தச் சின்னத் தீவில் நிலம் கிடைப்பதும் அரிதாகிவிட்டது.

இதைச் சொன்னால் உடனே யாராவது 'வெள்ளை அடிமைகள்' என்று ஆரம்பிப்பார்கள். பட்டபாடு பெரிதுதான், சாட்டையடியும் உண்டு. ஆனால் 1661-இல் பார்படோஸ் சட்டசபை ஒப்பந்தப் பணியாளருக்கு ஒரு சட்டம், ஆப்பிரிக்க அடிமைகளுக்கு வேறொரு சட்டம் என்று தனித்தனியாகத்தான் போட்டது. பணியாளர்களுக்குத் தவணை என்று ஒன்று இருந்தது, ஆப்பிரிக்கர்களின் அடிமைத்தனமோ பிள்ளைகள் தலையிலும் விழுந்தது.

பெண்கள் பலருக்குப் பெயரோடு 'ஸ்பின்ஸ்டர்' என்றிருந்தது. நானும் வரிசையாக 'நூல் நூற்பவள்' என்று எழுதிக்கொண்டே போனேன். என் பேராசிரியர் பார்த்துச் சிரித்த பிறகுதான் 'மணமாகாதவள்' என்று ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.