அத்தை, ஸ்க்ரீன்ல என்ன எழுதியிருக்கு?

மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்தர விண்டோஸ் அப்டேட்டை வெளியிடுவது மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்கப் பசிபிக் நேரப்படி காலை 10 மணிக்கு. சிங்கப்பூரில் அப்போது புதன்கிழமை பிறந்துவிட்டிருக்கும்: விடிகாலை 1 மணி, அமெரிக்காவில் குளிர்காலம் என்றால் 2 மணி. அதாவது புதன் தொடங்கி அந்த வாரக் கடைசி வரை எந்த நேரத்திலும் குடும்பத்தில் ‘கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை’க்கு ஃபோன் வரலாம். பிள்ளைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், வேலை கப்பல் பட்டறையில் இருக்கும். என்றைக்கோ ஒரு தீபாவளிக்கு யார் வீட்டிலோ வைஃபை பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துக் கொடுத்திருப்பார். அன்றோடு நியமனம் நிரந்தரமாகிவிட்டது.

“தம்பி, கம்ப்யூட்டர் போச்சுப்பா. நான் ஒண்ணுமே பண்ணல.”

அத்தை சொல்வது சத்தியம். பண்ணியது அப்டேட். ஆனால் ‘போச்சு’ என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஆறு வியாதி இருக்கிறது, ஆறுக்கும் வைத்தியம் வேறு.

“ஸ்க்ரீன்ல என்ன எழுதியிருக்கு அத்தை?”

“ஒண்ணும் எழுதல. கருப்பா இருக்கு.”

“ஒண்ணுமே இல்லையா?”

“இங்கிலீஷ்ல என்னமோ இருக்கு. அதைச் சொல்லணுமா?”

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னால் ஃபிளாஷ் போட்டு எடுத்து அனுப்புவார்கள். நடுவில் ஒரு வெள்ளைச் சூரியன், ஓரத்தில் சாமி மேடை விளக்கு, பின்னால் சுற்றுகிற ஃபேன், எல்லாம் திரையில் துல்லியமாகத் தெரியும். எழுத்து மட்டும் தெரியாது. ஃபிளாஷை அணைத்துவிட்டுச் சற்றே பக்கவாட்டில் நின்று எடுக்கச் சொல்லுங்கள். பாதி வேலை அந்தப் படத்திலேயே முடிந்துவிடும்.

ஏனென்றால் கருப்பில் பல கருப்பு உண்டு. முன்பெல்லாம் விண்டோஸ் விழுந்தால் நீலமாக விழும். “நீலமா வந்துச்சு” என்று பாட்டிகூடச் சரியாகச் சொல்லிவிடுவார். 2025இல் விண்டோஸ் 11இல் அந்த நீலத்தையும் கருப்பாக மாற்றிவிட்டார்கள். தொலைபேசி வைத்தியர்களுக்கு அது பெரிய அடி.

முதல் கருப்பு, பவர் பட்டனை அழுத்தியதும் தயாரிப்பாளர் சின்னம்கூட வராதது. இங்கே விண்டோஸ் இன்னும் மேடைக்கே வரவில்லை. எனவே அதைத் திட்டிப் பயனில்லை. மானிட்டர் ஒயர், மானிட்டர் எந்த இன்புட்டில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி செருகிப் போடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் அப்டேட் வழியாகச் சில சமயம் பயோஸ் (விண்டோஸுக்கு முன்னால் கணினியை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டும் வரும். அது ஏறும்போதும், ஏறிய பிறகு முதல் முறை தொடங்கும்போதும் சில நிமிடங்கள் திரை வெறுமையாகவே இருக்கலாம். அந்த நேரத்தில் கரண்டைப் பிடுங்கினால் இல்லாத நோய் நிஜமாகவே வந்துவிடும். ஒரு தே தாரிக் ஆற்றிக் குடித்து முடியுங்கள், அப்புறம் கை வையுங்கள்.

இரண்டாவது கருப்பு, மவுஸ் அம்புக்குறி மட்டும் தெரிவது. இது நல்ல சகுனம். உள்ளே விண்டோஸ் உயிரோடு இருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடித்து ‘B’ எழுத்தை அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் (திரையை இயக்கும் மென்பொருள்) புதிதாகத் தொடங்கும்; திரை ஒரு முறை கண் சிமிட்டும். அதற்கும் அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப். டாஸ்க் மேனேஜர் வந்தால் புதிய டாஸ்க் ஓட்டும் இடத்தில் ‘எக்ஸ்ப்ளோரர்’ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால் அத்தைக்கு நீங்கள் கடவுள்.

மூன்றாவது, எழுத்தோடு வரும் கருப்பு. கீழே ‘ஸ்டாப் கோட்’ என்று ஒன்று இருக்கும். ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்றால் விண்டோஸ் தான் உட்கார்ந்திருக்கும் டிஸ்க்கையே அணுக முடியாமல் தவிக்கிறது. ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று இருந்தால் அது விண்டோஸ் பேச்சே இல்லை, பயோஸ் பேசுகிறது. மண்டையை உடைத்துக்கொள்ளும் முன் யுஎஸ்பியில் செருகியிருப்பதையெல்லாம் கழற்றச் சொல்லுங்கள். போன வருடக் கோலாட்டப் படங்கள் இருக்கும் தம்ப்டிரைவிலிருந்து தொடங்கப் பார்த்து அது அழுதுகொண்டிருக்கலாம்.

இனி, சுற்றிச் சுற்றி வரும் வட்டம். ‘30 விழுக்காடு, கணினியை அணைக்காதீர்கள்’ என்று நிற்கும். பழைய சுழலும் ஹார்ட்டிஸ்க் உள்ள கணினியில் ஒன்றிரண்டு மணி நேரம் நிற்பதுகூட அதிசயமில்லை. டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை தொடாதீர்கள். ‘மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்’ என்று வந்தால் இன்னும் நல்லது. அது தன் தப்பைத் தானே உணர்ந்து பின்வாங்குகிறது, விட்டுவிடுங்கள்.

விடமாட்டார் மாமா. இரவு 11 மணிக்கு வீடு முழுக்க நடந்து பிளக் சுவிட்சை ஒவ்வொன்றாக அணைப்பது பியூபி பில்லுக்கு (கரண்ட், தண்ணீர்க் கட்டணத்துக்கு) எதிராக அவர் நடத்தும் தனிநபர்ப் போர். லேப்டாப்புக்குப் பேட்டரி உண்டு, தப்பிக்கும். டெஸ்க்டாப் 30 விழுக்காட்டில் அப்படியே சாயும். மாமா பக்கமும் நியாயம் உண்டு. ‘அப்டேட் செய்து அணை’ என்பதை அழுத்திவிட்டுப் படுத்தால், காலையில் கம்ப்யூட்டர் அணையாமல் விழித்துக்கொண்டு இருக்கும். பல வருடம் இருந்த இந்தக் கோளாறுக்கு மைக்ரோசாஃப்ட் மருந்து கொடுத்தது 2025 அக்டோபர் கடைசியில்தான். அதுவரை எத்தனை வீட்டில் பிள்ளைகள் “ராத்திரி பூரா கேம் விளையாடினியா?” என்று திட்டு வாங்கினார்களோ!

காத்திருந்து பார்த்தும் நகரவில்லை என்றால் மீட்புத் திரைக்குப் போக வேண்டும். வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி போட்டு, மறுபடி அதே மாதிரி அணையுங்கள். இரண்டு முறை தொடர்ந்து தோற்றால் மூன்றாவது முறை விண்டோஸ் தானே ‘ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்று வந்து நிற்கும். பாஸ்வேர்டு கேட்கும் திரை வரைக்கும் வருகிற கணினி என்றால் இந்த முரட்டு வைத்தியம் வேண்டாம். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் அழுத்தினாலே போதும்.

அங்கே ‘டிரபிள்ஷூட்’ போனதும் வீட்டில் எல்லாருக்கும் கண்ணில் படுவது ‘ரீசெட் திஸ் பிசி’தான். பெரிதாக, முதல் இடத்தில் இருக்கும். அதைத் தொடாதீர்கள். அடுத்து இருக்கும் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போங்கள். முதலில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’. அது “முடியவில்லை” என்று கைவிரித்தால் (அடிக்கடி விரிக்கும்) ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. இரண்டு வகை கேட்கும். ‘குவாலிட்டி அப்டேட்’ என்பது அந்தப் புதன்கிழமை வந்த மாதாந்தரச் சரக்கு. முதலில் அதைக் கழற்றுங்கள். ‘ஃபீச்சர் அப்டேட்’ என்பது விண்டோஸின் பதிப்பே மாறுவது. அதைத் திரும்பப் பெறப் பொதுவாகப் பத்து நாள்தான் கெடு. அதுவும் நடக்கவில்லையா, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ போய் ரீஸ்டார்ட் செய்து 4 அல்லது எஃப்4 அழுத்தி ‘சேஃப் மோட்’. அதில் தொடங்குகிறது என்றால் குற்றவாளி அநேகமாக ஏதோ ஒரு டிரைவர்; கிராஃபிக்ஸ் டிரைவரிலிருந்து விசாரணையை ஆரம்பிக்கலாம்.

மீட்புத் திரையில் மவுஸே நகரவில்லை என்று அத்தை சொன்னால் உடனே நம்பாமல் இருக்காதீர்கள். 2025 அக்டோபரில் வந்த கேபி5066835 அப்டேட் சரியாக அதைத்தான் செய்தது. விண்டோஸுக்குள் யுஎஸ்பி மவுஸும் கீபோர்டும் ஓடும். மீட்புத் திரையில் மட்டும் மரக்கட்டை. தீயணைப்பு நிலையத்துக் கதவுக்கு மட்டும் பூட்டுப் போட்டது மாதிரி. அக்டோபர் 20ஆம் தேதி அவசர அப்டேட் விட்டுச் சரிசெய்தார்கள். அதற்குள் மாட்டியவர்களுக்குத் தொடுதிரையோ, பழைய வட்டச் செருகியுள்ள பிஎஸ்2 கீபோர்டோ, மீட்பு தம்ப்டிரைவோதான் கதி.

இதற்கெல்லாம் நடுவில் வந்து நிற்பதுதான் பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. நீலத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்கும். அத்தை உடனே “ஹேக் பண்ணிட்டாங்க” என்பார். இல்லை. பயோஸோ தொடக்கக் கோப்புகளோ மாறினால் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லுக்குச் சந்தேகம் வந்து சாவி கேட்கிறது. டிஸ்க்கைப் பூட்டியது யாரென்று வீட்டில் யாருக்கும் தெரியாது; மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய பல கணினிகளில் அது தானே பூட்டிக்கொள்ளும். சாவி அந்தக் கணக்கில் இருக்கும். ஃபோனில் கணக்கைத் திறந்து ‘டிவைசஸ்’ பகுதியில் பாருங்கள். பல சாவி இருந்தால் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒத்துப்போவதுதான் உங்களுடையது. சிக்கல் எங்கே என்றால், அந்தக் கணக்கை ஆரம்பித்தது மகன், அவன் உயர்நிலை ஒன்று படிக்கும்போது. மின்னஞ்சல் முகவரியில் ‘டிராகன்’, ‘கில்லர்’ இரண்டும் இருக்கும். அவன் இப்போது தேசிய சேவையில், முகாமில் இருக்கிறான். இரவு எட்டு மணிக்குத்தான் ஃபோனைப் பார்ப்பான்.

சாவி கிடைத்ததும் ஃபோனில் ஒருவர் சொல்ல ஒருவர் அடிப்பது தனி நாடகம். ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டு. ஒவ்வொரு கட்டும் 11ஆல் மீதியின்றி வகுபடும்படி அமைந்தது. அதனால் ஒரு இலக்கம் தப்பினால் அந்தக் கட்டிலேயே பிடித்துவிடலாம், 48ஐயும் முதலிலிருந்து அடிக்க வேண்டாம். வீட்டுக் கணினியில் வரும் நிஜமான பிட்லாக்கர் திரையில் “இந்த எண்ணுக்கு அழையுங்கள்” என்று ஃபோன் நம்பர் இருக்காது. வீட்டுக் கணினியில் அலறும் சத்தத்தோடு நம்பர் வந்தால் அது மோசடி. சந்தேகமென்றால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799க்குக் கேளுங்கள்.

எதுவும் பலிக்காமல் ரீசெட்தான் வழி என்றானால் முதலில் படங்களை வெளியே எடுங்கள். மீட்புத் திரையில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ திறந்து ‘நோட்பேட்’ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். நோட்பேட் வரும். அதில் ஃபைல், ஓபன் போய், கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் முழு டிஸ்க்கும் தெரியும். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, வெளி டிரைவில் பேஸ்ட். நகலாகும்போது அந்தச் சின்னச் சன்னல் உறைந்த மாதிரி நிற்கும்; நிற்கட்டும். டிரைவ் எழுத்து இங்கே மாறியிருக்கலாம், ‘சி’ காலியாக இருந்தால் ‘டி’, ‘ஈ’ பாருங்கள். ரீசெட்டில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ தேர்ந்தாலும் நீங்கள் போட்ட மென்பொருள்கள் போய்விடும். பள்ளியோ அலுவலகமோ நிர்வகிக்கும் கருவி என்றால் இதில் எதையும் செய்யாமல் அவர்களிடமே கொண்டுபோங்கள்.

சரியாகிவிட்டதா? உடனே அப்டேட்டை ஒன்றிரண்டு வாரம் நிறுத்தி (Pause) வையுங்கள். இல்லாவிட்டால் கழற்றிய அதே அப்டேட் அன்றிரவே திரும்ப ஏறும். ஐந்து வாரம் வரை தள்ளலாம். அதற்குள் பெரும்பாலும் திருத்தம் வந்துவிடும். நிரந்தரமாக நிறுத்திவிடு என்பார் மாமா; வேண்டாம், ஓட்டை அடைப்பதும் அதே அப்டேட்தான். சி டிரைவில் இருபது ஜிபியாவது காலியாக வையுங்கள். கம்ப்யூட்டர் நல்லபடியாக ஓடும் இந்த நேரத்திலேயே அந்த 48 இலக்கத்தை அச்செடுத்துப் பாஸ்போர்ட் இருக்கும் கோப்பில் வையுங்கள். அதே கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில், ‘முக்கியம்’ என்று ஃபோல்டர் போட்டு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.