அப்பாவோட பையில இருந்த குளோரோஸ்கோப்

நேத்து ராத்திரிலேர்ந்து தாம்பரம் பக்கத்துல எங்க முடிச்சூர்ல விட்டு விட்டு மழை. தெரு வாட்ஸ்அப் குரூப்ல வழக்கம்போல ஆரம்பிச்சாச்சு, கார எந்தப் பாலத்து மேல கொண்டுபோய் நிறுத்தலாம், யார் வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, ஆதனூர் ஏரி எவ்ளோ ரொம்பியிருக்கு. எல்லாம் தேவையான கேள்விதான். ஆனா தண்ணி வடிஞ்சப்புறம் எந்தத் தண்ணியக் குடிக்கப்போறோம்னு ஒருத்தர்கூடக் கேக்கல. குரூப்ல எழுதினா ரெண்டு நிமிஷத்துல மேல போயிடும், அதான் இங்க எழுதி வைக்கிறேன்.

எங்க அப்பா ரிட்டயர்டு ஹெல்த் இன்ஸ்பெக்டர். ஊரு மன்னார்குடி பக்கம். நான் ஸ்கூல் படிக்கும்போது அப்பா என்ன வேலைன்னு கேட்டா எனக்கு சரியா சொல்லத் தெரியாது, கொசு மருந்து அடிக்கிறவர் பொண்ணுன்னுதான் கிளாஸ்ல சொல்லுவாங்க. காலைல ஆறு மணிக்கு சைக்கிள்ல கிளம்பி ஏதாவது ஒரு ஊராட்சி தண்ணித் தொட்டிக்குப் போயிடுவாரு, டேங்க் ஆபரேட்டரை எழுப்பி பிளீச்சிங் பவுடர் கலக்கச் சொல்லி, அப்புறம் அந்த ஊரு கடைசித் தெரு குழாய்ல தண்ணி புடிச்சு ஒரு சின்ன கண்ணாடிக் குழாய்ல ஊத்தி நாலஞ்சு சொட்டு மருந்து விடுவாரு. மஞ்சளா மாறினா குளோரின் இருக்கு, மாறலன்னா இல்ல. அந்தப் பெட்டிக்கு குளோரோஸ்கோப்னு பேரு. லீவு நாள்ல நானும் கூடப் போவேன், மஞ்சள் வருதா இல்லையான்னு பாக்குறது எனக்கு ஒரு விளையாட்டு மாதிரி. தொட்டிக்கிட்ட பாத்தா போதாதா, எதுக்கு கடைசித் தெரு வரைக்கும் போகணும்னு ஒருதடவ கேட்டேன். நடுவுல எங்கயாவது பைப் உடைஞ்சு சாக்கடை கலந்தா கடைசி வீட்லதான்மா தெரியும், நோய் வந்தாலும் அங்கதான் முதல்ல வரும்னு சொன்னாரு.

2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கெழம. காலைல சுனாமின்னு ஒரு வார்த்தைய அன்னைக்குத்தான் முதல்தடவ கேள்விப்பட்டோம். சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து அப்பாவ நாகப்பட்டினத்துக்குக் கிளம்பச் சொல்லிட்டுப் போனாங்க, ரெண்டு சட்டையும் அந்தக் குளோரோஸ்கோப்பும் எடுத்துக்கிட்டுப் போனவரு 17 நாள் கழிச்சுத்தான் வீட்டுக்கு வந்தாரு. கறுத்து, கன்னம் ஒட்டிப்போய். நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர், வேளாங்கண்ணி, இந்தப் பேரெல்லாம் அப்பா வாயில வரும்போது இப்பவும் ஒரு மாதிரி நிறுத்தி நிறுத்தித்தான் வரும்.

அவரு அதிகமா பேசினதில்ல. பேசினப்பல்லாம் ஒரே விஷயத்தத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவாரு. அங்க எல்லாருக்கும் பிணத்தப் பாத்து பயம். பிணம் கெடந்தா கொள்ளைநோய் வந்துடும்னு எல்லாரும் நம்பினாங்க, அந்தப் பயத்துல அவசர அவசரமா பெரிய குழியாத் தோண்டி மொத்தமா அடக்கம் பண்ணாங்க, மேல பிளீச்சிங் பவுடர மூட்டை மூட்டையா கொட்டினாங்க. ஆனா தண்ணில முங்கியோ அடிபட்டோ செத்தவங்க உடம்புலேர்ந்து ஊருக்கே நோய் பரவாது. காலரா மாதிரி நோயில போனவங்கன்னா அது வேற. உலக சுகாதார நிறுவனம் இத ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கு, பிணத்துமேல சுண்ணாம்போ பவுடரோ போடுறதால பிரயோஜனம் இல்லன்னும் சொல்லுது. கிருமி இருக்குறது உயிரோட இருக்குற நம்மகிட்ட, நம்ம மலத்துல, அது தண்ணில கலக்குறதுல. ஒரு நாள் பொறுத்திருந்தா எத்தன அம்மா தன் புள்ள மொகத்த ஒரு தடவ பாத்திருப்பாங்கம்மான்னு அப்பா சொல்லுவாரு. அவரு குரல் உடைஞ்சு நான் கேட்டது அப்போ மட்டும்தான்.

அவரோட வேலை என்னவோ தண்ணி லாரிதான். முகாமெல்லாம் கல்யாண மண்டபத்துலயும் பள்ளிக்கூடத்துலயும் போட்டிருந்தாங்க, ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கணக்குல ஜனம், அங்கங்க கறுப்பு சின்டெக்ஸ் டேங்க் வச்சு லாரில தண்ணி கொண்டாந்து ரொப்புறாங்க. லாரி ரொப்புற இடத்துலயே குளோரின் போடணும், முகாமுக்கு வந்ததும் டேங்க்ல பாக்கணும், ஜனங்க புடிச்சு வச்சிருக்குற குடத்துலயும் பாக்கணும். குளோரின் 0.5 பிபிஎம், அதாவது லிட்டருக்கு அரை மில்லிகிராம், இல்லன்னா அந்த லோடு திரும்பவும் குளோரின் போட்டுத்தான் குடுக்கணும். டிரைவரோட சண்டை, முகாம் பாத்துக்குறவரோட சண்டை, மருந்து வாடை அடிக்குது இந்தத் தண்ணி வேணாம்னு சொல்ற ஜனங்ககிட்ட உக்காந்து பேச்சு. நடுவுல எங்கேர்ந்தெல்லாமோ நல்ல மனசோட அனுப்பின சாப்பாட்டுப் பொட்டலம் வந்து எறங்கும், ஆறு மணி நேரம் லாரில வெந்த சாம்பார் சாதம், மோந்து பாத்துட்டு கெட்டிருந்தா தூக்கிக் கொட்டணும். பசியோட நிக்கிறவங்க முன்னாடி சாப்பாட்டக் கொட்டுறது எவ்ளோ பெரிய பாவம்னு தோணும், ஆனா ஒரே மண்டபத்துல 400 பேருக்கு பேதி புடிச்சா என்ன ஆகும்னு நெனச்சுக்கிட்டே கொட்டுவேன்னு சொன்னாரு. அவ்ளோ ஜனத்துக்கு கக்கூஸ் கைவிரல் விட்டு எண்ணிடலாம். இன்னொரு பக்கம் குழந்தைங்களுக்கு தட்டம்மை ஊசி, வைட்டமின் ஏ சொட்டு. முகாம்ல நெருக்கமா இருக்குறப்ப தட்டம்மை தீ மாதிரி பரவும். கடலூர் பக்கம் கொஞ்சம் பேருக்கு வரவும் செஞ்சுது. ஆனா எல்லாரும் பயந்துகிட்டு இருந்த காலரா மாதிரி பெரிய கொள்ளைநோய் நாகப்பட்டினத்துல வரல.

வரல. அதனாலதான் யாருக்கும் அது ஞாபகமும் இல்ல. அலைய ஞாபகம் வச்சிருக்கோம், போட்டோவ ஞாபகம் வச்சிருக்கோம், வராத காலராவ யாரு ஞாபகம் வச்சுக்குவாங்க?

இதுக்காக வெளியூர்லேர்ந்து ஸ்பெஷல் படை ஒண்ணும் எறங்கல. தமிழ்நாட்டுல ஆஸ்பத்திரி பாக்குறதுக்கு ஒரு டைரக்டரேட், நோய் வராம பாக்குறதுக்கு தனியா ஒரு டைரக்டரேட், அதுக்குன்னு தனி ஆளுங்கன்னு ரொம்ப காலமாவே இருக்கு. பொது சுகாதாரத்துக்குன்னே 1939லயே மெட்ராஸ் மாகாணத்துல சட்டம் போட்டுட்டாங்க. மன்னார்குடியில தெனம் காலைல குழாயடில நின்னு மஞ்சள் பாத்த அதே ஆளுங்கதான் ஜீப்ல ஏறி நாகப்பட்டினத்துக்குப் போனாங்க. பழகின கை, அதனால புதுசா யாரும் கத்துக்குடுக்க வேண்டியதில்ல.

இத நான் உண்மையாவே உணர்ந்தது 2015லதான். டிசம்பர் 1ஆம் தேதி, தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு. நாங்க கீழ் வீடு, மாடி வீட்டுக்காரங்க கதவத் தொறந்து வச்சு ஏத்திக்கிட்டாங்க, நாலு நாள் அவங்க வீட்லதான் இருந்தோம், நான், வீட்டுக்காரர், மூணு வயசு பையன், மாமியார். கரண்ட் இல்ல, டவர் இல்ல. 6ஆம் தேதி காலைல பாத்தா தெருமுனையில அப்பா வராரு, பேன்ட்ட முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டுக்கிட்டு, தோள்ல ஒரு பழைய ரெக்சின் பை. பஸ் எங்கயோ எறக்கிவிட்டு அங்கேர்ந்து நடந்தே வந்திருக்காரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவரு பேரன ஒரு தடவ தூக்கிக் கொஞ்சிட்டு அடுத்து கேட்ட முதல் வார்த்தை, சம்ப் எங்கம்மா இருக்கு?

தரைக்கு அடியில இருக்குற தண்ணித் தொட்டிதான் சம்ப், அது மூடியத் தொறந்தா காப்பித் தண்ணி மாதிரி இருக்கு. அதுல சாக்கடை தண்ணியும் கலந்திருக்கு, செப்டிக் டேங்க் தண்ணியும் கலந்திருக்கு. தெருவுல பாதிப் பேரு மேல தெளிஞ்சதும் மோட்டார் போட்டு ஏத்திக்கலாம்னு இருந்தாங்க, ஆர்ஓ மெஷின் இருக்கு அது பாத்துக்கும்னு வேற நம்பிக்கை, கரண்ட்டே இல்லாத ஊர்ல. அப்பா விடல. முழுசா எறைச்சு, சேத்த வாளில அள்ளி, செவுத்தையும் தரையையும் பிளீச்சிங் பவுடரக் கொழச்சுத் தேய்ச்சு, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணியையும் எறைச்சு ஊத்தி, அப்புறம்தான் லாரித் தண்ணி எறக்க விட்டாரு. அதுக்கப்புறம் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் கணக்குல பவுடர எடுத்து, அப்படியே கொட்டாம ஒரு பக்கெட்ல கலக்கி, சுண்ணாம்பு அடியில தங்கினதும் மேல தெளிஞ்ச தண்ணிய மட்டும் சம்ப்ல ஊத்தணும். ஒரு மணி நேரம் விடணும். அப்புறம் பைக்குள்ளேர்ந்து குளோரோஸ்கோப்ப எடுத்தாரு. ரிட்டயர் ஆகும்போது ஆபீஸ் சாமானத் திருப்பிக் குடுத்துட்டு சொந்தக் காசுல ஒண்ணு வாங்கி வச்சிருக்காருன்னு அன்னைக்குத்தான் தெரியும். மஞ்சள் வந்துச்சு. எனக்கு பத்து வயசுல பாத்த அதே மஞ்சள். அன்னைக்கு எங்க தெருவுல 11 சம்ப் பண்ணோம், பசங்க எல்லாம் வாளியோட வந்துட்டாங்க.

ரோட்டோரமா வெள்ளையா பவுடர் தூவிட்டுப் போவாங்க பாத்திருப்பீங்க, நாமளும் பரவால்ல வேலை நடக்குதுன்னு நெனச்சுக்குவோம். சேத்து மேல போடுற பவுடர அந்தச் சேறே தின்னுடும்னு அப்பா சொல்லுவாரு. அதுவும் தொறந்த மூட்டையா மாசக்கணக்குல கெடந்த பவுடர்னா அதுல பவர் எப்பவோ போயிருக்கும், வெறும் சுண்ணாம்பு. நல்ல பவுடர்ல 33 சதவீதம் வரைக்கும் குளோரின் இருக்கும், டப்பாவத் தொறந்த ஒடனே மூக்குல ஏறணும். பவுடர் போக வேண்டிய எடம் நாம குடிக்கிற தண்ணி, ரோட்டோரம் இல்ல.

அப்புறம் காய்ச்சல். வெள்ளத்துல நடந்தவங்களுக்கு எலிக் காய்ச்சல் ஒடனே வராது, பெரும்பாலும் அஞ்சு நாள்லேர்ந்து ரெண்டு வாரம் கழிச்சுத்தான் வரும், அதுக்குள்ள மருத்துவ முகாமெல்லாம் எடுத்துட்டுப் போயிருப்பாங்க. எங்க ஏரியாவுல ஒரு முகாம் போட்டாங்க, யாரு போட்டதுன்னு சொல்ல வேணாம், போனவங்க எல்லாருக்கும் ஒரே பாராசிட்டமால் பட்டைய குடுத்து பேனர் முன்னாடி போட்டோ எடுத்தாங்க, கால்ல வெட்டுக்காயத்தோட சாக்கடைத் தண்ணில நாலு நாள் நின்ன மாடி வீட்டுக்காரர்கிட்ட டெட்டனஸ் வராம இருக்க டிடி ஊசி போட்டீங்களான்னுகூட கேக்கல. அப்பாதான் அவர ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு, அங்க டாக்டர் ஊசியும் போட்டு, எலிக் காய்ச்சல் வராம இருக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் குடுத்தாங்க. 2018 கேரளா வெள்ளத்துல அந்த மாத்திரையத்தான் சேத்துல எறங்கி வேலை செஞ்சவங்களுக்கு வாரம் ஒருதடவ 200 மில்லிகிராம்னு குடுத்தாங்க, அப்படியும் அங்க எலிக் காய்ச்சல் நெறைய பேருக்கு வந்துச்சு. இத நீங்களா வாங்கிப் போடாதீங்க, கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் ஆகாது, டாக்டர்கிட்ட வெள்ளத்துல நடந்தேன்னு மறக்காம சொல்லுங்க, சொன்னாத்தான் அவங்களுக்கு அந்த யோசனை வரும்.

எங்க வீட்ல நான் பயந்தது காய்ச்சலுக்கு இல்ல, மாமியாருக்கு. சுகர், பிபி ரெண்டும். ஃப்ரிட்ஜ் மெதந்துச்சு, மாத்திரை டப்பா கரைஞ்சு போச்சு, டாக்டர் சீட்டு கூழாயிடுச்சு, என்ன மாத்திரை எத்தன மில்லிகிராம்னு கேட்டா எனக்கும் தெரியல வீட்டுக்காரருக்கும் தெரியல. மாடியில அந்த நாலு நாளும் இன்சுலின் இல்லாம ஓட்டினோம், கடவுள் புண்ணியம். இப்ப சீட்டோட போட்டோ மூணு பேரு போன்ல இருக்கு, பதினஞ்சு நாள் மாத்திரை ஜிப் கவர்ல தனியா பரண்ல இருக்கு. பிரிக்காத இன்சுலின் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கணும், ஆனா கரண்ட் போனா பதறித் தூக்கிப் போடாம ஈரத்துணி சுத்தின மண்பானைக்குள்ள வெயில் படாம வச்சா தாங்கும், எத்தன நாள்னு அந்த அட்டைலயே போட்டிருப்பான், படிச்சு வச்சுக்குங்க. 2021லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம்னு அரசாங்கத் திட்டத்துல வீட்டுக்கே மாத்திரை கொண்டாந்து குடுக்குறாங்க, அதுல எந்தத் தெருவுல யாருக்கு என்ன நோய்னு ஒரு லிஸ்ட் இருக்கு பாருங்க, வெள்ளம் வந்தா படகுல எந்த வீட்டுக்கு முதல்ல போகணும்னு அந்த லிஸ்ட் சொல்லும்.

லிஸ்ட்னு சொன்னதும் எங்க சித்தி பொண்ணு ஞாபகம் வருது. வேதாரண்யம் பக்கம் கிராம நர்ஸ். 2018 நவம்பர்ல கஜா புயல் வரப்போகுதுன்னு சொன்ன ஒடனே அவ பண்ண முதல் வேலை, அடுத்த ரெண்டு வாரத்துல யாருக்கெல்லாம் பிரசவ தேதின்னு நோட்டப் பொரட்டி பேர எழுதி எடுத்தது. ஒவ்வொரு வீடா போயி, இப்பவே எதுக்கு வலியே எடுக்கலயேன்னு சண்டை போடுற மாமியாருங்களையெல்லாம் சமாளிச்சு, புயலுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணுங்கள ஆஸ்பத்திரில கொண்டுபோய் சேத்துட்டா. 16ஆம் தேதி நள்ளிரவு தாண்டி புயல் கரையக் கடந்துச்சு, விடிஞ்சு பாத்தா தென்னை மரமும் கரண்ட் கம்பமும் ரோட்டுக்குக் குறுக்க, ஆம்புலன்ஸ் ஒரு அடி நகர முடியாது. அதுல ஒரு பொண்ணுக்கு அன்னைக்குக் காலைலயே ஆஸ்பத்திரில பிரசவம் ஆச்சு, ஆம்பளப் புள்ள. அவ வீட்டுக் கூரை பறந்துடுச்சு. அவ வீட்ல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு சித்தி பொண்ணு இன்னும் சொல்லி சொல்லி மாளமாட்டா.

இன்னைக்குக் காலைல அப்பா போன் பண்ணாரு. இப்ப அவருக்கு நடை கொஞ்சம் தளந்துடுச்சு, மழைன்னா மட்டும் பழைய குரல் வந்துடுது. சம்ப் மூடிக்கு ரப்பர் போட்டியா, ஓஆர்எஸ் இருக்கா, அத்தையோட மாத்திரை எடுத்து வச்சியான்னு வரிசையா கேட்டாரு. எல்லாம் ஆச்சுப்பா, பிளீச்சிங் பவுடர்கூட போன வாரமே ரெண்டு பாக்கெட் வாங்கிட்டேன்னு சொன்னேன். தயாரிச்ச தேதி பாத்தியாம்மான்னாரு. பாக்கல. எடுத்துப் பாத்தேன், ஒண்ணரை வருஷம் பழசு, பிரிச்சு மோந்தா வாடையே இல்ல. மழை விட்டதும் பெருங்களத்தூர் வரைக்கும் போய் வேற வாங்கிட்டு வரணும், பையன் நானும் வரேன்னு இப்பவே செருப்பப் போட்டுக்கிட்டு நிக்கிறான்.