மழைக்குழாயில் கேழ்வரகு

போன ஜூலையில் ஒரு மழை விட்டபின் பார்த்தால், மழைநீர்க் குழாயின் வாயில் கேழ்வரகைக் கொட்டியது போல் ஒரு குவியல். அள்ளினால் கையில் நறநறவென்றது. "அம்மா, நம்ம வீடு கரையுதா?" என்றாள் சின்னவள். சிரித்தேன். கூரைக்காரர் வந்து பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

அமெரிக்காவில் எங்கள் வீட்டுக் கூரையில் ஓட்டுக்குப் பதில் ஷிங்கிள் என்ற தகடுகளை அடித்திருக்கிறார்கள். அது அந்த ஷிங்கிள் மேல் பதிக்கும் கல்துகள். கண்ணாடி இழை விரிப்பில் தார் பூசி, வெயில் தாரில் நேரே படாமலிருக்க இதைத் தூவுகிறார்கள். துகள் உதிர்ந்தால் தார் காய்ந்து வெடிக்கும், ஓரம் சுருளும். ஹூஸ்டன் வெயிலில் கொஞ்சம் உதிரும்தான். ஆனால் ஒன்பது வருடக் கூரையில் இவ்வளவு கூடாதாம்.

ஏணியில் ஏறி, கூரைக்கும் அறையின் மேல்தளத்துக்கும் நடுவே இருக்கும் அட்டிக்கில் தலையை நீட்டினேன். இட்லிக் கொப்பரையைத் திறந்தது போல் முகத்தில் அடித்தது. அப்போது காலை பத்தரைதான்; மதியம் 60 டிகிரி செல்சியஸ் தொடுமாம். அவர் டார்ச் அடித்தார். பலகையைத் துளைத்து வந்த ஆணி முனையெல்லாம் துரு, சுற்றிலும் கரும்பூஞ்சை. குளியலறை ஃபேன் குழாயை வெளியே கொண்டுபோகாமல் அட்டிக்குள்ளேயே விட்டிருக்கிறார்கள்! இத்தனை வருடம் நாங்கள் குளித்த வெந்நீர் ஆவியெல்லாம் அந்தப் பலகையில்தான் ஊறியிருக்கிறது. பலகை உப்பினால் மேலே ஷிங்கிளும் தூக்கும். கூரை விளிம்பின் அடியில் காற்று நுழைய விட்ட துளைகளை வெப்பம் தடுக்கப் போட்ட இன்சுலேஷன் பஞ்சு அடைத்திருந்தது. முகட்டில் வெளியேற வழியே இல்லை. 150 சதுர அடி அட்டிக் தரைக்கு ஒரு சதுர அடி காற்றுவழி என்பது இங்கே பொதுக் கணக்கு. மேலும் கீழுமாகப் பிரித்து வைத்தால் 300க்கு ஒன்று போதும். அதைக்கூடச் செய்யாமல் ஒரு வீட்டைக் கட்டி விற்க எப்படி மனசு வந்தது?

பதினொரு வருடமாகிறது, இந்த ஊர் பழகிவிட்டது. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். அன்று ராத்திரி தூக்கம் வராமல் தென்காசி ஓட்டு வீட்டில் கிடந்தேன். சாரல் தொடங்குமுன் அப்பா ஆள் விட்டு உடைந்த ஓடுகளை மாற்றிவிடுவார். அவ்வளவுதான் பராமரிப்பு. ஓட்டு இடுக்கில் கசியும் புகையைப் பார்த்தே யார் வீட்டில் உலை வைத்தாயிற்று என்று தெரு சொல்லிவிடும்.

சரி, வேலை நடந்தது. ஃபேன் குழாய் வெளியே போனது, பஞ்சை ஒதுக்கினார்கள், முகடு நெடுக அறுத்துக் காற்றுவழி வைத்தார்கள். அறுத்த அன்று இருட்டு அட்டிக்கில் ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது. எங்கள் அடுக்களையில் கண்ணாடி ஓடு வழியாக இப்படித்தான் விழும். அந்த வெயில் அம்மிக்கு வந்துவிட்டால் மணி பதினொன்று. அம்மா அரிசி களைய எழுந்துவிடுவாள்.