மூன்று மகரந்தப்பைகள்

இங்கிலாந்தின் நார்விச் நகருக்கு நான் வந்து சேர்ந்தது நவம்பரில். மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வேலைக்குச் சேர்ந்த கண்ணாடிக்கூடத்திலோ நாளுக்கு 22 மணி நேரம் விளக்கு எரியும். வசந்தகாலக் கோதுமையை அந்த வெளிச்சத்தில் வளர்த்தால் ஆண்டுக்கு ஆறு தலைமுறைவரை எடுக்கலாம். முதல் குளிர்காலத்தை நான் கடந்தது அந்த வெளிச்சத்தால்தான்.

நெல்லில் இனக்கலப்பு செய்து பழகிய கை என்னுடையது. நெல் பூவில் மகரந்தப்பைகள் ஆறு, கோதுமையில் மூன்றே. பச்சையாக இருக்கும்போதே இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். மஞ்சளாகி வெடித்துவிட்டால் பூ தன் மகரந்தத்திலேயே கருவுற்றுவிடும். பல நாள் கை தானாகவே இன்னும் மூன்றைத் தேடியது.

ஒரு கூட்டத்தில் ஜிடபிள்யூ2 என்ற மரபணுவைப் பற்றிப் பேச்சு வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது 2007-இல் நெல்லில் அடையாளம் கண்டது! தானிய மணி அகலமாவதைத் தடுத்து நிறுத்தும் மரபணு. அது முடங்கினால் மணி பெரிதாகும். கோதுமையில் காரியம் அத்தனை எளிதல்ல. ஏ, பி, டி என்று மூன்று மரபுத்தொகுதிகள், 42 குரோமோசோம்கள். ஒவ்வொரு தொகுதியிலும் இந்த மரபணுவுக்கு ஒரு நகல். ஒரு நகல் முடங்கினாலும் மற்ற இரண்டும் வேலையைத் தொடரும். ஏ தொகுதி நகலை மட்டும் முடக்கியபோது மணி எடை 6 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடியது. மூன்றையும் முடக்கியபோது ஏறக்குறைய 20 சதவீதம். அந்த வித்தியாசம் பூப்பதற்கு முன்பே, பின்னால் மணியாகும் சூலகத்தின் அளவிலேயே தொடங்கிவிடுகிறது. அதனால் பூவைப் பிரிக்கும்போதெல்லாம் மகரந்தப்பையை எடுத்துவிட்டு அந்தச் சூலகத்தை ஒரு கணம் பார்த்துக்கொள்வேன்.

மணி பெருத்தால் விளைச்சலும் பெருகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் அறுவடையில் எங்கள் பாத்திகளில் ஆயிரம் மணிகளை எண்ணி நிறுத்த எடை கூடியிருந்தது. கதிருக்கு மணிகள் குறைந்திருந்தன. பாத்தியின் மொத்த எடை அப்படியே. எண்ணும் கருவியில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். மனம் கனத்தது.

இந்தக் கட்டு அவிழாதது அல்ல. 2021-இல் யார்க் பல்கலைக்கழகமும் சிலி ஆய்வாளர்களும், செல் சுவரைத் தளர்த்தும் எக்ஸ்பான்சின் புரதத்தை வளரும் மணியில் மட்டும் கூட்டி, மணிகளின் எண்ணிக்கை குறையாமலேயே வயல் விளைச்சலைச் சுமார் 11 சதவீதம் உயர்த்திக் காட்டினார்கள். எந்த நேரத்தில், எந்தத் திசுவில் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அந்தக் கட்டுரையை எத்தனை முறை படித்தேனோ!

அக்டோபரில் அதே விதையை, பாத்திகளின் எண்ணிக்கையைக் கூட்டி மறுபடி விதைத்தோம். கடைசி வரிசைக்கு அடையாளக் குச்சி நடும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. இந்த முறை சட்டைப்பையில் கைவிளக்கு வைத்திருந்தேன்.