பழைய கவாஸாகி நிஞ்சா 650 பைக் பார்க்கப் போகிறீர்களா? இன்ஜின் ஆறியிருக்கும்போதே போங்கள்

விற்பவரிடம் போனில் பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் முதல் வேலையாக சைலன்சர் பைப்புக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு அடித்தால் பேசிவிட்டு இன்னொரு நாள் காலையில் வருவதுதான் நல்லது. இன்ஜின் குறைகள் பல ஆறிய நிலையில்தான் காதில் விழும். சூடேறிவிட்டால் சுமாரான வண்டியும் சமத்தாக ஓடும்.

சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு வினாடி முனகி நிற்க வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கும் இன்ஜின் விளக்கும் எரிய வேண்டும். எரியவே எரியாத விளக்கு, அணையாத விளக்கைவிட மோசம். கோளாறை மறைக்க யாரோ கை வைத்திருக்கலாம். ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் விளக்கு அணையும். ஏபிஎஸ் விளக்கு வண்டி சில மீட்டர் நகர்ந்த பிறகுதான் அணையும், அதற்காகப் பயப்பட வேண்டாம். முதல் சில வினாடி, இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் கேம் செயின் பக்கம் லேசாகக் கடகடத்து அடங்கினால் பரவாயில்லை. சூடேறிய பிறகும் 3,000 ஆர்.பி.எம்.மில் பிடித்துவைக்கும்போது அதே சத்தம் தொடர்ந்தால் அந்தச் செயினை இறுக்கிவைக்கும் டென்ஷனரைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். வால்வு இடைவெளி இதற்கு நேர்மாறு: நாளாக நாளாக இறுகும், இறுகினால் சத்தமே வராது. ஸ்டார்ட் ஆகத் திணறுவதும் ஐட்லிங் தடுமாறுவதும்தான் அடையாளம். ஷிம் என்ற சின்னத் தகடுகளை மாற்றிச் சரிசெய்யும் வேலை அது, மணிக்கணக்கில் ஆகும். ஆகவே "கடைசியாக வால்வு செக் எப்போது, பில் இருக்கிறதா" என்று கேட்காமல் விடாதீர்கள்.

அடுத்து, குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பாருங்கள். இந்த மாடலுக்கு சைலன்சர் இன்ஜினுக்குக் கீழே இருக்கிறது, தரையிடைவெளி 130 மி.மீ. மட்டும். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களில், அதுவும் பின்னால் ஆள் ஏறியிருந்தால், உரசத்தான் செய்யும். கீறல் இருப்பது சகஜம். நசுங்கலோ வெல்டிங் தடமோ இருந்தால் விலையில் பேசுங்கள்.

விழுந்த வண்டியைக் கண்டுபிடிக்க, வெளிப்புற பிளாஸ்டிக் உறையான ஃபேரிங்கைப் பார்த்துப் பயனில்லை. அதைப் புதிதாக மாற்றியிருப்பார்கள். ஹேண்டிலைக் கடைசிவரை இரண்டு பக்கமும் திருப்பி, ஃபோர்க் வந்து முட்டும் இடத்தைப் பிரேமில் பாருங்கள். அங்கே ஒரு பக்கம் பெயின்ட் சிதறி உலோகம் நசுங்கியிருந்தால், ஹேண்டில் பலமாக அடித்துத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். நின்ற இடத்தில் சாய்ந்த வண்டிக்கு லீவர் நுனியும் ஃபுட்பெக் நுனியும்தான் தேயும், அதை மன்னிக்கலாம். பிரேமில் விழுந்த அடியை மன்னிக்கவே கூடாது என்பேன்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாக ஆட்டுங்கள். நேர் நிலையில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோலத் தட்டுப்பட்டால் ஹேண்டில் தண்டின் பேரிங்கான கோன்செட் போய்விட்டது. ஃபோர்க் குழாயில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றித் துடையுங்கள். எண்ணெய் ஒட்டினால் சீல் கசிகிறது. செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பின்பக்கம் பிடித்து இழுங்கள், பல்லின் பாதி உயரம் வெளியே தெரிந்தால் செட்டோடு மாற்ற வேண்டும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு நாலைந்து இடத்தில் தொய்வைப் பாருங்கள். ஒரு இடத்தில் இறுக்கம், இன்னொரு இடத்தில் தளர்வு என்றால் அந்தச் செயினை அட்ஜஸ்ட் செய்து சரியாக்க முடியாது. கம்பெனி ஸ்ப்ராக்கெட் முன்னால் 15 பல், பின்னால் 46. யாராவது மாற்றியிருந்தால் ஓட்டிப் பார்த்து நீங்கள் போடும் கணக்கெல்லாம் தப்பாகிவிடும். டயரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். ஓட்டுவதற்கு முன் காற்றையும் பாருங்கள்: ஆறிய டயரில் முன்னால் 32, பின்னால் 36 பி.எஸ்.ஐ. காற்றுக் குறைந்த டயரில் ஓட்டிவிட்டு ஹேண்டில் கனமாக இருக்கிறது என்று சொன்னால் அது வண்டியின் பழியல்ல.

இப்போது ரோட்டுக்கு. சிக்னலில் நிற்கும்போது முதல் கியரிலிருந்து மேலே தட்டினால் நியூட்ரல்தான் விழும், இரண்டாவது விழாது. பல பேர் இதை கியர்பாக்ஸ் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். கவாஸாகி வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறது: வண்டி நகர்ந்தால்தான் இரண்டாவது கியர் ஏறும்.

டெஸ்ட் ரைடில் 150 தொட்டுப் பார்ப்பதில் எதுவும் தெரியாது. இது 649 சிசி இரட்டை சிலிண்டர், 8,000 ஆர்.பி.எம்.மிலேயே 68 பி.எஸ். உச்சத்தைத் தொட்டுவிடும். அதே அளவு கொண்ட ஹோண்டா சிபிஆர் 650ஆர் நான்கு சிலிண்டர், அதன் உச்சம் 12,000 பக்கம். சிபிஆரை அலறவிட்டு மதிப்பிடலாம். நிஞ்சாவை 3,000 முதல் 7,000 வரை மதிப்பிட வேண்டும். ஆறாவது கியரில் 100 கி.மீ. வேகத்துக்கு சுமார் 4,700 ஆர்.பி.எம். வரும். ரோடு காலியாக இருக்கும் இடத்தில் அங்கிருந்து கியர் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறங்கள். வேகமும் ஆர்.பி.எம்.மும் ஒன்றாக ஏற வேண்டும். ஆர்.பி.எம். மட்டும் துள்ளி ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. பிறகு மூன்றாவது கியரில் 4,000-இல் ஆக்ஸிலரேட்டரைத் திறந்து மூடித் திறந்து பாருங்கள். 'டக்' என்று இடித்தால் செயின் தொய்வாக இருக்கலாம், அல்லது பின்சக்கர ஹப்பின் ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

மேல் கியரில் 3,000-க்குக் கீழே இழுத்தால் இந்த இன்ஜின் உதறும், அது குறையல்ல. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான 180 டிகிரி கிராங்கில் ஒரு பிஸ்டன் மேலே போகும்போது மற்றது கீழே வரும். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 180 டிகிரி, அதற்கடுத்ததற்கு 540 டிகிரி. குறைந்த வேகத்தில் அந்த நீண்ட இடைவெளியைச் செயின் உணரும். அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸர் இருந்தாலும் நடு ஆர்.பி.எம்.மில் ஃபுட்பெக்கில் மெல்லிய நடுக்கம் மிச்சமிருக்கும். கை மரத்துப்போகும் அளவுக்கு வந்தால் ஹேண்டில் முனையின் எடைக்கட்டை இருக்கிறதா, இன்ஜின் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிரேக்கை 40 கி.மீ. வேகத்தில், காய்ந்த நேர்ரோட்டில் சோதியுங்கள். முதலில் லேசாகப் பிடித்து ஃபோர்க் அமுங்கிய பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். லீவர் சீராகத் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது வரும் துடிப்பு வேறு: வேகமாக, விட்டுவிட்டு வரும். லீவர் ஸ்பாஞ்சுபோல உள்ளே போனால் திரவம் பழசாகியிருக்கலாம், அல்லது அதில் காற்று புகுந்திருக்கலாம். டாட் 4 திரவத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 80-லிருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டு, கைப்பிடியைத் தளர்வாக வைத்துக்கொண்டு 50-க்கு இறங்க விடுங்கள். கையை எடுத்துவிட வேண்டாம். ஹேண்டில் ஆடினால் கோன்செட்டையோ முன் டயரையோ சந்தேகப்படுங்கள். ஹைவேயிலேயே ஓடிய வண்டிக்குப் பின்டயர் நடுவில் தட்டையாகியிருக்கும், வளைவில் சாயும்போது பொசுக்கென்று உள்ளே விழும். அதை சஸ்பென்ஷன் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சஸ்பென்ஷனில் இந்த வண்டி கொடுக்கும் வசதி கொஞ்சம்தான்: முன்னால் எதையும் திருப்ப முடியாது, பின்னால் ஸ்ப்ரிங்கின் ஆரம்ப இறுக்கமான ப்ரீலோடு மட்டும். இதில்தான் உங்கள் எடை முக்கியம். பின்சக்கரம் தொங்கும் நிலையில் ஆக்ஸிலிலிருந்து வால்பகுதியில் ஒரு புள்ளிவரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட்டோடு உட்கார்ந்து அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 30 முதல் 40 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ப்ரீலோடை முழுதாக ஏற்றியும் 45-ஐத் தாண்டினால் அந்த ஸ்ப்ரிங் உங்களைத் தாங்காது. பின்னால் ஆளோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும் எண்ணமிருந்தால் ஸ்ப்ரிங் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

திரும்பி வந்ததும் அணைத்துவிடாதீர்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடத் தொடங்கி, தானாக நிற்கும்வரை ஐட்லிங்கில் விடுங்கள். பிறகு மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து 4,000 ஆர்.பி.எம். கொடுங்கள், 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையோ, தனியாக ஒட்டுப்போட்ட ஹார்ன், லைட் வயரிங்கையோ பாருங்கள்.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை பிரேமில் குத்தியிருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கர்நாடகா வண்டி என்றால் அங்கிருந்து வாங்கும் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய வரியும் சேர்ந்தால்தான் உண்மையான விலை. கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் கடன் பதிவை நீக்கக் கையெழுத்திட்ட படிவம் 35-உம் கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம்.